ஆட்டு ரோமமும் பாட்டியின் முழங்கையும்

"இங்க புண்ணுக்குக் கெரட்டின் ஜெல் போடுறோம்மா" என்று நாகர்கோவிலுக்கு போனில் சொன்னேன். "அது பியூட்டி பார்லர்ல முடிய நீட்டுறதுக்குத் தேய்க்கது இல்லா மக்களே?" என்றாள் அம்மா. பெயரைக் கேட்ட முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே எங்களுக்கு ஓயாத தலைவலி, தோல் கிழிவதுதான். எண்பது தொண்ணூறு வயதில், அதிலும் வருடக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடும். வீல்சேரின் கைப்பிடி உரசினாலே போதும்.

இந்த ஜெல்லை ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிறார்கள். ரோமமும் நம் மேல்தோலும் கெரட்டின் என்ற ஒரே குடும்பத்துப் புரதம். ரோமத்தில் அதைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. முடி கருகினால் வரும் நாற்றம் அந்தக் கந்தகம்தான். கட்டைத் தளர்த்திப் புரதத்தைப் பிரித்து ஜெல்லாக்கும் வேலை கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பக்கத்து லிங்கனிலேயே நடந்திருக்கிறது. புண்ணின் ஓரத்துத் தோல் செல்களை உசுப்பி நடுவை நோக்கி நகர வைப்பது இதன் வேலை. தொட்டாலே கொப்புளிக்கிற எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற பிறவி நோய்க்கும் பூசிப் பார்த்திருக்கிறார்கள்; சிலருக்குக் கேட்டது, எல்லாருக்கும் இல்லை.

முதன்முதலில் நான் பூசியது ஒரு பாட்டியின் முழங்கையில். கணவரோடு ஆட்டுப்பண்ணை நடத்தியவர். விலையுயர்ந்த மருந்து, நிறையப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று அப்பிவிட்டேன். புண்ணின் ஓரம் ஊறி வெளுத்து, ரொம்ப நேரம் துணி துவைத்த விரல்நுனி போல ஆனது. அது போதாதென்று மேலே ஒட்டும் பிளாஸ்டர். இரண்டு நாள் கழித்து உரித்தபோது நல்ல தோலும் கூடவே வந்தது. பாட்டி கத்தவில்லை. "எங்கள் ஆடுகளை இதைவிடப் பதமாகக் கத்தரிப்போம்" என்றார். இன்றும் பிளாஸ்டர் டப்பாவைப் பார்த்தால் எனக்குக் காது சுடும்.

இப்போது செய்வது வேறு. சலைனால் கழுவுவேன். கிழிந்து சுருண்ட தோலை வெட்ட மாட்டேன். ஈரமான காட்டன் பட்ஸால் மெல்ல உருட்டிப் பழைய இடத்துக்கே கொண்டுவருவேன். அது உயிரோடு இருந்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. பிறகு ஜெல், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற அளவுக்கு. மேலே ஒட்டாத சிலிகான் வலை, அதன்மேல் பஞ்சுத் துணி, குழாய் பேண்டேஜ். எந்தத் திசையில் உரிக்க வேண்டும் என்று பேனாவால் அம்புக்குறி போடுவேன், அடுத்த ஷிஃப்ட்காரர் எதிர்த் திசையில் இழுக்காமலிருக்க. தினமும் பிரித்துப் பார்க்க மாட்டேன். ஆனால் சீழ், நாற்றம், சுற்றிலும் சூடு, பரவும் சிவப்பு தெரிந்தால் ஜெல்லை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவேன்.

உண்மையில் ஜெல்லைவிட மலிவான ஒரு வழி இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் கைகால்களுக்கு தினமும் இருவேளை ஈரப்பத கிரீம் தடவியதில் தோல் கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2014-இல் வெளிவந்த ஆய்வு. தேய்க்கக் கூடாது, முடி படிந்திருக்கும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும்.

போன வருடம் அம்மாவுக்கே கட்டில் காலில் இடித்து முன்னங்கால் கிழிந்தது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு. பக்கத்து வீட்டு அக்கா காப்பித்தூளோடு வந்து நின்றார். வீடியோ காலிலேயே தடுத்தேன். அவசரத்துக்கு அங்கே ஜெல்லுக்கு எங்கே போவது? மெடிக்கல் ஷாப்பில் சலைனும் பாராஃபின் காஸும் துணி பேண்டேஜும் வாங்கச் சொன்னேன். தம்பி கை நடுங்க நடுங்க, நான் சொல்லச் சொல்ல தோலை உருட்டிவிட்டான்.

மூன்றாவது வாரம் அம்மா காலை கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். நன்றாக மூடியிருந்தது. "அந்த ஆட்டு ஜெல்ல தலையில தேச்சா முடி வருமா மக்களே?" என்றாள்.