புரோக்கர் சரியில்லையா? வீடு விற்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

‘பார்ட்டி ரெடி சார், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வர்றாங்க’ என்று புரோக்கர் சொல்லி ஆறு ஞாயிறு ஓடிவிட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், ‘விலையைக் கொஞ்சம் இறக்குங்க’ என்கிறார். நீங்கள் 65 லட்சம் சொன்ன வீட்டை அவர் 72 லட்சம் என்று வெளியில் சொல்வதாக எதிர்வீட்டுக்காரர் வந்து சொல்கிறார்.

தமிழ்நாட்டில் பழைய வீட்டைப் புரோக்கரிடம் விற்கக் கொடுப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். எழுத்தில் எதுவும் இல்லாததால் அவரை மாற்றுவது சுலபம். அவர் கையில் ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில்தான் வேலை இருக்கிறது. அதை வரிசையாகச் செய்தால் வம்பு குறையும்.

படி 1: குறை யாரிடம் என்று பாருங்கள்

வீடு விற்காததற்குப் புரோக்கர் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கலாம். அடைத்து முடித்த கடன் வில்லங்கச் சான்றிதழில் அப்படியே நிற்கலாம். மாடிக்கு அனுமதி வாங்காமல் கட்டியிருந்தால், வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போகலாம். உங்கள் தெருவில் அண்மையில் விற்ற இரண்டு மூன்று வீடுகள் என்ன விலைக்குப் போயின என்றும் விசாரியுங்கள். வந்து பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவரிடமாவது, ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஆள் வரவில்லை என்றால் குறை புரோக்கரிடம். விலையை மாற்றிச் சொல்வது, வந்தவர்களை உங்களிடம் பேசவிடாமல் தடுப்பது, டோக்கன் வாங்கியதை மறைப்பது ஆகியவை சோம்பல் கணக்கில் சேராது. அவை நம்பிக்கைக் கேடு.

படி 2: கைவிட்டுப் போனவற்றைப் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்:

- தாய்ப்பத்திரம் உள்ளிட்ட அசல் ஆவணங்கள் ஏதாவது கொடுத்தீர்களா, ஜெராக்ஸ் மட்டும்தானா?
- வீட்டுச் சாவி எத்தனை அவரிடம் இருக்கிறது?
- உங்கள் பெயரைச் சொல்லி யாரிடமாவது டோக்கன் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாரா?
- எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? முக்கியமாக, வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ?
- பவர் எழுதிக் கொடுத்தீர்களா?

கடைசி இரண்டுக்கும் ‘இல்லை’ என்பது பதிலானால், பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ‘ஆம்’ என்றால் படி 4-ஐ முதலில் முடியுங்கள்.

படி 3: ஒருமுறை பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

நேரில் வரவழைத்து நிதானமாகக் கேளுங்கள்: இதுவரை எத்தனை பேரை அழைத்து வந்தீர்கள், அவர்கள் பெயர் என்ன, என்ன விலை கேட்டார்கள்? சில வாரம் கெடு கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் பலனில்லை என்றால் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்:

‘ஐயா, என் வீட்டை விற்கும் பொறுப்பிலிருந்து உங்களை இன்று முதல் விடுவிக்கிறேன். இனி என் சார்பில் விலை பேசவோ அட்வான்ஸ் வாங்கவோ வேண்டாம். சாவியையும் ஆவணங்களையும் ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். இதுவரை நீங்கள் அழைத்து வந்தவர்களின் பட்டியலையும் அனுப்புங்கள்.’

அதே வாசகத்தைத் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்த்துப் போனவர்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். ஏஜென்ட்டை நீக்கியது தெரியாத மூன்றாம் நபருக்கு, தெரியவரும்போதுதான் அந்த நீக்கம் செல்லும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். நீங்கள் அனுமதி கொடுத்து அவர் ஏற்கெனவே செய்து முடித்த செயல்களையும் பின்னால் ரத்து செய்ய முடியாது.

படி 4: கையெழுத்துப் போட்டிருந்தால்

‘ஆறு மாதத்துக்கு வேறு யாரிடமும் தரமாட்டேன்’ என்பது போல எழுதிக் கொடுத்திருந்தால், கெடுவையும் முறிக்கும் நிபந்தனையையும் படியுங்கள். போதிய காரணம் இல்லாமல் கெடுவுக்கு முன்பே நீக்கினால் அவர் இழப்பீடு கேட்கலாம். ஆகவே அவருடைய தவறுகளுக்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டு நோட்டீஸ் கொடுங்கள்.

பவர் கொடுத்திருந்தால் தாமதிக்காதீர்கள். பதிவு செய்த பவரைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து ரத்து செய்ய வேண்டும். பவர் பெற்றவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பவருக்காக நீங்கள் பணம் வாங்கியிருந்தால் தனியாக ரத்து செய்வது சிக்கலாகும், வழக்கறிஞரைப் பாருங்கள்.

படி 5: கமிஷன் கணக்கு

விற்பவரிடம் 1 அல்லது 2 சதவீதம் வாங்குவது பரவலான வழக்கம். வேறு ஏற்பாடு இல்லாதவரை, வேலை முடிந்த பிறகே கூலி என்பதுதான் சட்டம். ‘வண்டி எடுத்து அலைந்தேன்’ என்பதற்காகக் கமிஷன் கேட்க முடியாது. வேலையில் முறைகேடு செய்த ஏஜென்ட்டுக்கு, முறைகேடு செய்த பகுதிக்கான கூலி இல்லை என்றும் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. 65 லட்சம் சொன்ன வீட்டை உங்களுக்குத் தெரியாமல் 72 லட்சத்துக்கு விற்றிருந்தால், மேலே வைத்து வாங்கிய 7 லட்சத்துக்கும் கணக்குக் கேட்கலாம். ‘மேலே வருவது உங்களுக்கு’ என்று முன்பே நீங்கள் சம்மதித்திருந்தால் மட்டும் வழக்கு பலவீனம்.

ஒரு நியாயம் உங்கள் பக்கத்திலும் வேண்டும். அவர் அழைத்து வந்த பார்ட்டியிடமே பிறகு நேரடியாக விற்றால் அவருக்குக் கமிஷன் சேர வேண்டும். பட்டியலைக் கேட்டு வாங்குவது இதற்காகவும்தான்.

படி 6: புகார் எங்கே கொடுப்பது?

*ரெரா:* 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவான திட்டங்களில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். அங்கே தவறு நடந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகலாம். தெருவில் தனியாக நிற்கும் பழைய வீட்டின் மறுவிற்பனைக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது.

*நுகர்வோர் ஆணையம்:* கமிஷன் கொடுத்தும் சேவையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

*காவல்துறை:* அசல் பத்திரத்தைத் தராமல் பிடித்து வைத்தாலும், உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தாலும், உங்கள் பெயரில் அட்வான்ஸ் சுருட்டியிருந்தாலும் அது குற்றம். எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

படி 7: அடுத்த புரோக்கரிடம் முதல் நாளே

கமிஷன் எவ்வளவு, எப்போது, எத்தனை மாதக் கெடு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஜெராக்ஸ் போதும், அதன் மேல் ‘விற்பனைப் பார்வைக்கு மட்டும்’ என்று தேதியுடன் குறுக்கே எழுதுங்கள். வாங்குபவர் தரும் அட்வான்ஸ் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். சொத்து விற்பனைக்கான அட்வான்ஸை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம்.

விலையை வாங்குபவர் முன்னிலையில் உங்கள் வாயால் சொல்லுங்கள். அசல் பத்திரம் பீரோவில் இருக்கட்டும், கிரயத்தன்று உங்கள் பையில் வரட்டும். அதன்பின் எந்தப் புரோக்கர் சரியில்லாமல் போனாலும், நீங்கள் இழப்பது ஒரு சாவியும் சில ஞாயிற்றுக்கிழமைகளும்தான். சாவிக்குப் பூட்டை மாற்றிக்கொள்ளலாம்.