தென்னை மரம் ஏன் ஆடுகிறது?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓர் ஆளை வரைந்து, தாள்களைச் சரசரவென்று தள்ளிக் காட்டுகிறாள். ஆள் நன்றாகத்தான் நடக்கிறான். பக்கத்தில் நிற்கிற தென்னை மரம்தான் சாமி வந்ததுபோல் ஆடுகிறது. கம்ப்யூட்டர் இல்லாத பேசாப்படக் காலத்தில் கார்ட்டூன் எடுத்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: உங்கள் மகள் மாட்டிக்கொண்ட அதே இடத்தில்தான் அந்தக் காலத்து ஜாம்பவான்களும் மாட்டிக்கொண்டார்கள். நகர்வதை வரைந்துவிடலாம், நகராததை நகராமல் நிற்கவைப்பதுதான் பெரும்பாடு.

பிரான்சில் எமில் கோல் 1908-ல் எடுத்த 'ஃபான்டாஸ்மகோரி'யில் சுமார் 700 படங்கள். வெளிச்சம் வைத்த கண்ணாடிமேல் தாளை வைத்து, முந்தைய படத்தைப் பார்த்து அடுத்ததை வரைந்தார். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. நெகட்டிவாகவே திரையில் காட்டியதால் கரும்பலகையில் சாக்பீஸால் கிறுக்கியதுபோல் இருக்கும். பின்னணி என்று பெரிதாக ஏதுமில்லை. மரமே இல்லையென்றால் எது ஆடும்?

அமெரிக்காவின் வின்சர் மெக்கே அப்படி நழுவவில்லை. பத்திரிகைச் சித்திரக்கதைகளால் பெயர் வாங்கியவர் அவர். 1914-ல் வந்த அவருடைய 'கெர்ட்டி' படத்தில் ஒரு பெண் டைனோசர். அதைச் சுற்றி ஏரி, பாறை, மரம். எல்லாம் ஒரே தாளில். அதாவது கெர்ட்டி தலையை ஓர் அங்குலம் திருப்பினாலும் பாறையை மறுபடி வரைந்தாக வேண்டும். மொத்தம் 10,000 படங்கள் என்பது சொல்லப்படும் கணக்கு. கெர்ட்டியை மெக்கே வரைய, பாறையையும் மரத்தையும் தாள் தாளாகப் பார்த்து வரையும் வேலை ஜான் ஃபிட்ஸிம்மன்ஸ் என்ற இளைஞரின் தலையில் விழுந்தது. தாள் இடம் மாறாதிருக்க மூலைகளில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். கெர்ட்டி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மூச்சு விடவேண்டும் என்பதை மெக்கே தம் மூச்சைக் கணக்கிட்டே முடிவுசெய்தார்.

இவ்வளவு பாடுபட்டும் பாறை சும்மா நிற்கவில்லை. படம் இணையத்தில் கிடைக்கிறது. கெர்ட்டியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் கோடுகளை மட்டும் பாருங்கள், மெல்ல நடுங்கும். கை ஒரே கோட்டை இரண்டாம் முறை அப்படியே போடாது அல்லவா? எனக்கென்னவோ அந்த நடுக்கம் பிடிக்கும்.

இதற்கு வழி கண்டவர் ஏர்ல் ஹர்ட். மெக்கே படம் வந்த அதே ஆண்டில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். யோசனை இதுதான்: பின்னணியை ஒரே ஒருமுறை வரை, அசைவதை மட்டும் செல்லுலாய்டு என்ற கண்ணாடித்தாளில் வரைந்து அதன்மேல் போடு. பிற்காலத்து ஸ்டுடியோக்கள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் ஓடின. மெக்கேயே 1918-ல் வந்த 'லூசிட்டானியா மூழ்கியது' படத்துக்குச் செல்லுலாய்டுக்கு மாறிவிட்டார். தாள் நகராமலிருக்க, துளைபோட்டு முளையில் மாட்டும் முறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரவுல் பாரே.

உங்கள் மகளுக்கு வேண்டியதும் இவ்வளவுதான். தென்னையை ஒரு வெள்ளைத் தாளில் ஒருமுறை வரையட்டும். ஆளை மட்டும் ஓ.எச்.பி. ஷீட்டுகளில் மார்க்கரால் வரையட்டும். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இரண்டு துளை போட்டு, அட்டையில் குத்திய இரண்டு பென்சில் துண்டுகளில் மாட்டி, ஒவ்வொன்றாகச் செல்போனில் படம் எடுக்கலாம். போனை மட்டும் கையில் பிடிக்க வேண்டாம். அது அசைந்தால் தென்னையோடு சேர்ந்து ஆளும் ஆடுவான்.