அம்மாவின் கைவிரல்

நவராத்திரிக்குத் தில்லி வந்திருந்த அம்மா, என் மகளின் கீபோர்டில் மோகனம் வாசித்தார். அதைக் கணிப்பொறியில் 'மிடி'யாகப் பதிந்து வைத்தேன். அடுத்த நவராத்திரிக்கு அம்மா இல்லை. உறவினர்களுக்குப் போட்டுக் காட்டலாமே என்று அதைத் திருத்த உட்கார்ந்தேன்.

1983-இல் அறிமுகமான மிடியில் பதிவாவது ஒலியன்று. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை அழுத்தம் என்ற குறிப்பு மட்டுமே. நடு 'சி' 60-ஆம் எண். ஓர் எண் கூட்டினால் அரை சுரம் ஏறும். அழுத்தம் 1 முதல் 127 வரை. ஆகவே பிசகிய சுரத்தை மட்டும் பிடித்து நகர்த்தலாம்.

நானோ எல்லாச் சுரங்களையும் சேர்த்துக் 'குவான்டைஸ்' செய்தேன். அது சுரங்களைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து நிறுத்திவிடும். கேட்டால், காந்தாரத்தில் சற்றே தயங்கி இறங்கும் அம்மாவைக் காணோம்! நல்லவேளை, 'அன்டூ' இருந்தது.

ஆகவே முதலில் நகல் எடுங்கள். குவான்டைஸ் வேண்டுமென்றால் 50 சதவீதம் வையுங்கள். பாதித் தூரமே நகரும். சக்கரத்தால் கொடுத்த கமகம் தனிக் குறிப்பு. சுரத்தை நகர்த்தினால் அதையும் சேர்த்து நகர்த்துங்கள்.

முடிவில், விரல் தவறி விழுந்த ஒரு கைசிகி நிஷாதத்தை மட்டும் ஓர் எண் குறைத்துத் தைவதமாக்கினேன். மற்றதெல்லாம் அம்மா வாசித்தபடியே இருக்கிறது.