மாரடைப்புக்குப் பின் மறுவாழ்வு

மும்பையின் கிழக்குக் கோடியில், டிராம்பேயில் அமைந்துள்ளது சீத்தா கேம்ப். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியின் குடும்பங்கள் 1976-ஆம் ஆண்டில் இங்குக் குடியமர்த்தப்பட்டன. அவர்களில் தமிழர்கள் கணிசமானோர். குடும்பம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்ட மனை சுமார் 10 அடிக்கு 15 அடி. இத்தகைய குடியிருப்பில் உழைத்துப் பிழைக்கும் ஒருவர் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பினால், அடுத்து என்ன செய்ய வேண்டும்? அவர் மீண்டும் வேலைக்குச் செல்வாரா என்பது பெரும்பாலும் இதற்குரிய விடையைப் பொறுத்ததாகும்.

ஓய்வு எதுவரை?

இதய நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பல இல்லங்களில் வேரூன்றியுள்ளது. மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியது. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். உழைக்கும்போது பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களது ஆற்றல் கால் பங்குக்கு மேல் குறைந்தது. பின்னர் அளித்த உடற்பயிற்சி அதனை மீட்டுத் தந்தது. நல்ல உடலுக்கே இந்நிலை எனில், நோயுற்ற உடலுக்கு நீண்ட படுக்கை எத்தகைய தீங்கு என்பதை உணரலாம்.

மாரடைப்பில் மடிந்த தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆயினும், முறையான பயிற்சியினால் கைகால் தசைகள் இரத்தத்திலுள்ள பிராணவாயுவை நன்கு பயன்படுத்தக் கற்கின்றன, நாடித்துடிப்பு குறைகிறது. அதே வேலையைச் செய்ய இதயம் முன்னைவிடக் குறைவாக உழைத்தால் போதுமானதாகிறது.

நடக்கும் முறை

மருத்துவரின் அனுமதி பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். முதலில் சமதரையில் 5 அல்லது 10 நிமிடங்கள், நாளுக்கு இருமுறை நடந்தால் போதும். பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தி 30 நிமிடங்களை எட்டலாம். தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைத் தணித்துக் கொள்ள வேண்டும். நடக்கையில் பேச முடிய வேண்டும். பேச மூச்சு போதாவிடில் வேகம் மிகுதி என்று பொருள். உணவு உண்டவுடனும் உச்சி வெயிலிலும் நடத்தல் கூடாது. நெஞ்சு வலி, மயக்கம், மிகுந்த மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். ஓய்வெடுத்தும் வலி நீங்காவிடில் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நடையும் சுமையும் ஒன்றல்ல. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான ஏணியில் ஏறுவது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். தொடக்க வாரங்களில் இப்பணியைக் குடும்பத்தின் பிறர் ஏற்பதே பேருதவியாகும்.

பழக்கமும் மருந்தும்

பீடி, சிகரெட்டை அறவே விட்டவர்களுக்கு மரண அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வாயில் அடக்கும் புகையிலையும் விலக்கத்தக்கதே. உப்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். உடல் தேறிவிட்டது என்று மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது.

யோகப் பயிற்சியும் துணைபுரியும். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்புற்ற சுமார் 4,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. 12 வார யோகப் பயிற்சி மரணத்தையோ மறு தாக்குதலையோ குறைத்ததாக உறுதியாகவில்லை. எனினும், பயிற்சி பெற்றோர் தம் பழைய அலுவல்களுக்குத் திரும்புவதில் முன்னேற்றம் கண்டனர்.

திட்டமிடுவோர் கவனத்திற்கு

2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பின் 15 நாட்களின் செலவும் அதில் அடங்கும். ஆனால் மறுவாழ்வுப் பயிற்சிக்கோ வாரங்கள் பல தேவை. பெரும் பொருட்செலவில் காப்பாற்றிய உயிர், வழிகாட்ட ஆளின்றிக் கட்டிலிலேயே முடங்குமாயின் அச்செலவின் பயன் பாதியாகிவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்து, நோயாளியின் மொழியில் நடைமுறையைச் சொல்லித்தரும் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரும், காலையில் வாகன இடையூறின்றி நடக்க ஒரு பாதையும் இருந்தால் போதும். நெருக்கமான குடியிருப்புகளில் நடைபாதையும் மருத்துவ வசதியே எனக் கொள்ளுதல் வேண்டும்.