மழைக்காலக் குட்டிகள்: தூக்குவதற்கு முன் படியுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடும். தெருநாய்கள் அதிகமாகக் குட்டி போடுவதும் மழையும் பனியும் சேர்ந்த இந்த மாதங்களில்தான். மதகடியில், பாதி கட்டி நிற்கும் வீட்டுக்குள், பஸ் நிழற்குடைப் பெஞ்சுக்குக் கீழே, ரேஷன் கடைத் திண்ணையில் குட்டிகள் கத்தும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சட்டைக்குள் போட்டுத் தூக்கி வருவார்கள்.

அந்த இரக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் போன மழையில் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்து செத்த குட்டிகளில் பல, தூக்கி வந்தவர் செய்த வைத்தியத்தால் செத்தவை. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று.

குட்டியின் பல் பட்டாலும் நகம் கீறினாலும் மனிதர் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கே.

"குட்டிதானே டாக்டர், பால்பல்லுதானே" என்பதுதான் ஒவ்வொரு மழைக்கும் நான் கேட்கும் பதில். குட்டிக்கு வெறிநோய் வராது என்று யார் சொன்னது? வெறிபிடித்த நாய் கடித்தால் ஒரு மாதக் குட்டிக்கும் வரும். பெற்ற தாயே நோய் கண்டு கடித்தாலும் வரும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயது மூன்று மாதம். நீங்கள் ஆசையாகத் தூக்குவதோ ஒரு மாதக் குட்டி, இரண்டு மாதக் குட்டி. அதாவது தெருவில் நீங்கள் தூக்கும் வயதில் எந்தக் குட்டியும் ஊசி போட்ட குட்டியாக இருக்க வழியில்லை. பெரிய நாயைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர்கள் குட்டியை முகத்தோடு சேர்த்துக் கொஞ்சுகிறார்கள். கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. முகமும் விரல் நுனியும் நரம்பு நெருங்கிய இடங்கள். முகத்தில் பட்டால் மூளைக்குத் தூரமும் குறைவு.

போன ஆண்டு நடந்தது இது. ஒரு தெருவே சேர்ந்து வளர்த்த குட்டி, வாய் தொங்கி எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கிறது. குரைப்பும் மாறிப்போயிருக்கிறது. "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு" என்று வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவியிருக்கிறார்கள். எலும்பு இல்லை. குட்டி செத்தது, கொல்லையில் புதைத்தார்கள். வேறொரு நாள் மாட்டுக்கு மருந்து வாங்க வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னதால்தான் எனக்கே தெரிந்தது. மூளையைப் பரிசோதிக்காமல் வெறிநோய் என்று உறுதி சொல்ல முடியாது. புதைத்த பிறகு அதற்கும் வழியில்லை. ஆனால் வெறி என்றால் பாய்ந்து பாய்ந்து கடிக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாடை தொங்கி, விழுங்க முடியாமல், மூலையில் சுருண்டு கிடந்து சாகும் வகையும் உண்டு. எலும்பு சிக்கியதாக ஏமாந்துபோவது அந்த வகையில்தான். தொட்ட எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். இரண்டு ஊசியோடு சிலர் நிறுத்திவிட்டார்கள். அவர்களை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே வாய் தொங்கும் குட்டியின் வாய்க்குள் விரல் விடாதீர்கள். எலும்பாகவே இருந்தாலும் எடுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. 1962-க்கு அழையுங்கள், கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அது வரும்வரை குட்டியை ஒரு கூடையால் கவிழ்த்து மூடி, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள்.

இனி குட்டிக்கு வருவோம்.

முதலில் அது அநாதையா என்று பாருங்கள். கத்தும் குட்டியெல்லாம் கைவிடப்பட்ட குட்டி இல்லை. தாய் இரை தேடப் போயிருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்றால் திரும்பி வராது. தள்ளிப் போய் ஒன்றிரண்டு மணி நேரம் கவனியுங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சூடாகக் கிடந்து, வயிறு உருண்டிருந்தால் தாய் இருக்கிறது, விட்டுவிடுங்கள். தண்ணீர் ஏறும் இடமாக இருந்தால் தாயின் கண்ணில் படும்படி பத்தடி தள்ளி மேட்டில், ஒரு பழைய சாக்கின்மேல் வைத்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும். சில்லிட்டு, வயிறு ஒட்டி, எறும்பு மொய்த்து, ஓயாமல் கத்துகிறதா? அதைத் தூக்கலாம். வெறுங்கையால் வேண்டாம். தடித்த துண்டைப் போர்த்தி, அதோடு சேர்த்துத் தூக்குங்கள். பயந்த குட்டி கடிக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

வயதைக் கண்ணும் பல்லும் சொல்லும். கண் மூடியிருந்தால் இரண்டு வாரத்துக்கு உள்ளே. கண் திறந்து தத்தித் தத்தி நடந்தால் மூன்று வாரம். முன்பல் முளைக்கத் தொடங்கினால் மூன்று நான்கு வாரம். பல்லைப் பார்க்க உதட்டைத் துணியால் லேசாக விலக்கினால் போதும். உறிஞ்சுகிறதா என்று வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

சூடு முதலில், பால் பிறகு. போன மழையில் அதிகக் குட்டிகளைக் கொன்றது இந்த வரிசையை மாற்றியதுதான். முதல் வாரக் குட்டிக்கு உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, நடுங்கக்கூடத் தெரியாது. விறைத்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. அந்த நேரத்தில் ஊற்றிய பால் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போகும். குதத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டுப் பாலும் கூடாது. (வீட்டில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டர் இல்லை, வேறு வாங்குங்கள்.) ஈரத்தைத் துடையுங்கள். அட்டைப்பெட்டியில் பழைய துணி. ஒரு ஓரத்தில் மட்டும், துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு தாங்காவிட்டால் குட்டி நகர்ந்துகொள்ளும். அடுப்பருகில் வைத்து வாட்டாதீர்கள். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் எடுத்து மெல்லச் சூடேற வேண்டும். இந்த மழையில் குளிப்பாட்டவே வேண்டாம். அழுக்காக இருந்தால் இருக்கட்டும், ஈரத் துணியால் துடைத்து உடனே காயவிடுங்கள்.

பால். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "செரிக்காது" என்று அந்தப் பசும்பாலிலும் பாதித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். குட்டி வயிறு முட்டக் குடித்துப் பட்டினியில் சாகும். நகரத்துக் கடைகளில் நாய்க்குட்டிக்கான பால்மாவு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஓரிரு நாள் சமாளிக்க, தண்ணீர் சேர்க்காத பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஆற்றி, டம்ளருக்கு ஒரு முட்டையின் மஞ்சள்கரு அடித்துக் கலக்கலாம். கழிச்சல் கண்டால் நிறுத்திவிட்டு மருந்தகத்துக்கு வாருங்கள்.

கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோல மல்லாத்திப் புகட்டாதீர்கள்! குட்டி வயிற்றின்மேல் படுத்து, தலை சற்று நிமிர்ந்து, தானாக உறிஞ்ச வேண்டும். சங்கு வேண்டாம். ஃபில்லரோ ஊசி கழற்றிய சிரிஞ்சோ என்றால் சொட்டுச் சொட்டாக. பீய்ச்சினால் மூக்கு வழியே பால் வரும், இரண்டு நாளில் நிமோனியா. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். கண் திறந்த பின் நான்கு மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றையும் குதத்தையும் தடவிவிட வேண்டும், தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக. மூன்று வாரம்வரை குட்டி தானாக மூத்திரம் போகாது. நான்காம் வாரத்தில் குழைந்த சோறும் மசித்த முட்டையும். வெங்காயம், சாக்லேட், மீன் முள் கூடாது. மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையில் கால்துண்டுகூடக் கூடாது.

பூச்சி மருந்து இரண்டாம் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடைக்குத் தக்கபடி, கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது. அதன் முட்டை பிள்ளைகளின் கை வழியாக வயிற்றுக்குள் போகும், சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தம் குடித்திருக்கிறது, தாமதிக்காமல் கொண்டுவாருங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய், பினாயில், மாட்டுக்கு வாங்கி மிச்சம் வைத்த மருந்து எதுவும் தடவக் கூடாது. இடுக்கியால் பிடுங்குங்கள், மீதியை மருந்தகம் பார்த்துக்கொள்ளும்.

பார்வோ என்ற ரத்தக் கழிச்சல். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய நோய், இன்று நம் தெருக்களில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடவை. பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை. ஓர் ஊசியோடு முடிந்தது என்று போய்விடுகிறீர்கள், அடுத்த மாதம் வாந்தியோடு வருகிறீர்கள். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குச் சாகும். போன ஆண்டு ரத்தக் கழிச்சலில் குட்டியைப் பறிகொடுத்த வீடுகள், கழுவாத அதே மூலையில் புதுக் குட்டியைக் கட்டாதீர்கள்.

மழைக்கு ஒதுங்கிய குட்டிகள் வண்டிக்கு அடியில் தூங்கும். காரை எடுக்கும் முன் பானெட்டைத் தட்டி, குனிந்து டயரைப் பாருங்கள்.

சாக்கில் கட்டிக் குளக்கரையில் விட்டுவரும் புண்ணியவான்களுக்கும் ஒரு வார்த்தை. ஆணை வைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் விடுகிறீர்கள் என்பது சாக்கை அவிழ்க்கிற எங்களுக்குத் தெரியும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். ஈன்ற பிறகு சாக்குத் தேடுவதற்குப் பதில் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள்.

இப்போது மறுபடியும் முதலில் சொன்னதற்கு. வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

பல் பட்டது, கீறியது, ஏற்கெனவே இருந்த புண்ணில் அல்லது உதட்டில், கண்ணில் நக்கியது: எதுவானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துப் பதினைந்து. கண்ணானால் சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீர். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் வைக்காதீர்கள். கட்டுப் போடாதீர்கள். நேராக ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி இலவசம். முதல் நாளை 0 என்று வைத்தால் 0, 3, 7, 28; தோலில் போடுவது இந்தக் கணக்கு. தசையில் போட்டால் 14-ஆம் நாள் ஒன்று கூடும். ரத்தம் வந்திருந்தாலோ, புண்ணில் எச்சில் பட்டிருந்தாலோ, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அதற்குப் பெரிய அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் சீட்டை மடித்துப் பையில் வைக்காமல் போய்விடுங்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 2004 முடிவோடு நாட்டில் நிறுத்தியாகிவிட்டது. இப்போது கையில்தான். கர்ப்பிணிக்கும் போடலாம், கைக்குழந்தைக்கும் போடலாம். பத்தியம் கிடையாது, மீன் சாப்பிடலாம்.

"பத்து நாள் குட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்பார்கள். பத்து நாள் கவனிப்பது ஊசியைத் தொடங்கிய பிறகு. குட்டி பத்து நாளும் நலமாக இருந்தால் மிச்ச ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார், நீங்கள் அல்ல. குட்டி நடுவில் செத்தால் புதைக்காமல் எனக்குச் சொல்லுங்கள். நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஐப்பசியில் கீறியது பொங்கலுக்குத் தெரியவரும், தெரிந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. குறி கண்டவர் பிழைப்பதில்லை.

உலகில் இந்த நோயில் இறப்பவர்களில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகள் அடி விழும் என்று கீறலை மறைப்பார்கள், குட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள் என்றும் மறைப்பார்கள். இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்: எந்தக் குட்டியோடு விளையாடினாய், கையைக் காட்டு, காலைக் காட்டு. கோடு தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். ஊசிச் சீட்டில் அடுத்த தேதியை எழுதி வாங்கி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 28-ஆம் நாள் ஊசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.