ஓவியர் ஷார்தேன்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸ் மாநகரில் தச்சர் ஒருவரின் மைந்தராக 1699ஆம் ஆண்டிற் பிறந்தவர் ழான் சிமெயோன் ஷார்தேன். அக்காலத்தில் அந்நாட்டு அரச ஓவியக் கழகத்தார் ஓவியங்களுக்கு வரிசை வகுத்திருந்தனர். சமயக் கதைகளையும் வரலாற்று நிகழ்ச்சிகளையும் தீட்டுவோர்க்கு முதலிடம். பழம், பாண்டம் முதலிய அசையாப் பொருள்களைத் தீட்டுவோர்க்குக் கடையிடம். ஷார்தேன் அக்கடையிடத்தையே விரும்பி ஏற்றார். குடல் வெளிப்படத் தொங்கும் திருக்கைமீன் ஒன்றை அவர் தீட்டிக் காட்ட, கழகத்தார் வியந்து, 1728இல் அவரைத் தம் உறுப்பினராக்கினர்.

இறந்த முயலொன்றைத் தீட்டப் புகுந்த ஞான்று, தாம் அதுவரை கண்ட ஓவியங்களை எல்லாம் மறந்துவிடத் துணிந்தார் ஷார்தேன் என்று அவர்தம் நண்பர் கொஷேன் எழுதியுள்ளார். மயிரை ஒவ்வொன்றாக எண்ணித் தீட்டுவது அவர் நோக்கமன்று. முயலைத் தொலைவில் வைத்து, அதன் திரண்ட வடிவையும் நிறத்தையும் ஒளிநிழலையுமே அவர் நோக்கினார்.

இம்முறைக்கு எண்ணெய் வண்ணம் பெரிதும் ஏற்றது. வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழைப்பர். நீரைப்போல் இவ்வெண்ணெய் ஆவியாகிவிடுவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகும். ஆதலின், இறுகுமுன் ஒரு நிறத்தை மற்றொன்றோடு இழையச் செய்யலாம். காய்ந்தபின், கீழ்நிறம் தோன்றுமாறு மெல்லிய பூச்சு இடலாம். ஆயின், மேற்பூச்சில் எண்ணெய் குறைந்து கீழ்ப்பூச்சில் மிகுந்திருத்தல் ஆகாது. மேலது முந்திக் காய்ந்து பின்னர் வெடிக்கும்.

ஏறத்தாழ 1761இல் ஷார்தேன் தீட்டிய ஓவியம் ஒன்று இன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி கலைக்கூடத்தில் உள்ளது. கண்ணாடிக் குவளையில் நீர், அருகே ஒரு காப்பிக் கலம், மூன்று பூண்டு, சிறிது தழை. இவ்வளவே! நீருக்கு நிறமில்லை, கண்ணாடிக்கும் இல்லை. நிறமில்லாத இரண்டை நிறத்தாற் காட்டுவது எங்ஙனம்? பின்னுள்ள சுவரின் நிறமே குவளையினூடும் தோன்றும்; நீர் உள்ள அளவில் அது சிறிது மாறும்; ஒளி படும் இடத்தில் வெண்மை பளிச்சிடும். அவ்வெண்மையைச் சற்றே மிகுத்தாலும் கண்ணாடி சுண்ணாம்பாகிவிடும். ஷார்தேன் மிக மெதுவாகவே தீட்டினார் என்பதில் வியப்பென்ன!

அவர் ஓவியத்தை நெருங்கினால் யாவும் மங்குகின்றன, விலகி நின்றால் மீண்டும் உருப்பெறுகின்றன என்று அறிஞர் திதெரோ 1763இல் போற்றினார்.

முதுமையில் ஷார்தேனின் கண்கள் நோயுற்றன. எண்ணெய் வண்ணத்தை விடுத்து, உலர்ந்த வண்ணக்கோலைக் கையிலெடுத்தார். மூக்குக் கண்ணாடி அணிந்த தம் முகத்தையே 1771இல் அக்கோலால் தீட்டினார். அவர் மறைந்தது 1779ஆம் ஆண்டில்.