சூடு பார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு

சர்வீஸ் பெஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. “சிஸ்டம் சூடாகுது, தானா ஆஃப் ஆகுது” என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் கை பேஸ்ட் டியூபைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். எத்தனை டிகிரி என்பதைவிட அந்த டிகிரி எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதில்தான் கோளாறின் இடம் தெரியும். அதைப் பார்த்த பிறகு ஸ்குரூடிரைவரை எடுக்கலாம்.

1. முதலில் அறையின் வெப்பத்தைக் குறித்துக்கொள். ஃபேனும் ஹீட்சிங்க்கும் ப்ராசஸரை அறையைவிடக் குளிர்ச்சியாக்கவே முடியாது. மே மாத மத்தியானம் கடைக்குள் 36 டிகிரி இருக்கும்போது சும்மா கிடக்கிற ப்ராசஸர் 48 காட்டினால் பதற ஒன்றுமில்லை. அதே அறையில் 29 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் சென்சார், உச்ச வரம்புக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. வரம்பை நெருங்க நெருங்க அதன் கணக்கு சரியாக இருக்கும், கீழே இறங்க இறங்கத் தளர்ந்துவிடும். பயாஸ் திரையில் தெரிகிற வெப்பத்தை விண்டோஸில் தெரிவதோடு ஒப்பிடாதே. பயாஸில் ப்ராசஸர் ஓய்வு நிலைக்கு முழுதாகப் போகாது, அதனால் அங்கே சில டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

2. எந்த வரியைப் படிக்கிறாய் என்று பார். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ மாதிரி மென்பொருளைத் திறந்தால் வரிசையாக வெப்ப அளவுகள் வரும். ‘பேக்கேஜ்’, ‘கோர்’ என்று இருப்பவை ப்ராசஸருக்குள்ளிருந்து வருபவை. மதர்போர்டு சிப் தருகிற வரிகளில் சில, எந்த சென்சாரும் இணைக்காத வெறும் கால்களின் அளவு. அங்கே 127 டிகிரி என்றுகூட நிற்கும். அதை செல்ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்து வருகிற வாடிக்கையாளர்கள் இன்றைக்கும் உண்டு. 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் இன்னொரு கூத்து: ஃபேன் கட்டுப்பாட்டுக்காக ஏ.எம்.டி.யே உண்மை வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டிக் காட்ட வைத்தது. செகண்ட் ஹேண்டில் இவை வந்தால் பழைய மென்பொருள் சொல்வதை நம்பி ஹீட்சிங்க்கைக் கழற்றிவிடாதே.

3. ஒவ்வொரு ப்ராசஸரின் வரம்பும் வேறு. சமீப காலத்து இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 100. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95, அதிலேயே 7800எக்ஸ்3டி-க்கு 89. அந்த வரிசையின் பெரிய ப்ராசஸர்கள் முழு லோடில் 95 வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. வாட் கணக்கையும் பார்: கோர் ஐ5 12400 பெட்டியில் 65 வாட் என்றிருக்கும், ஆனால் டர்போவில் 117 வரை இழுக்கும். 65-ஐ நம்பி வாங்கிய மெலிந்த கூலர் அப்போது திணறத்தான் செய்யும்.

4. தானாக ஆஃப் ஆவதெல்லாம் சூட்டால் அல்ல. 2001 வாக்கில் ஏ.எம்.டி. அத்லான் மேலிருந்து ஹீட்சிங்க்கை எடுத்தால் சில நொடிகளில் கருகிவிடும். இன்றைய ப்ராசஸர் வரம்பைத் தொட்டதும் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் தன்னை அணைத்துக்கொள்ளும். ஆகவே வெப்பத்தை ஃபைலில் பதியவிட்டு ஓட்டு. கடைசியாகப் பதிந்தது 70 என்றால் ப்ராசஸரை விட்டுவிட்டு எஸ்.எம்.பி.எஸ். பக்கம் போ. விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் வரும் ‘கெர்னல் பவர் 41’ என்பது முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது.

5. இதுதான் முக்கியம், நிதானமாகப் படி. லோடு கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திற. யாரும் தொடாதபோதே ப்ராசஸர் 80, 90 சதவீதம் ஓடினால் அது வைரஸோ, முடியாமல் தொங்கும் அப்டேட்டோ. பேஸ்ட் அதைத் தீர்க்காது. ஓய்வில் அமைதியாக இருந்தால் லோடு கொடுத்துவிட்டு வெப்பக் கோட்டைக் கவனி. டர்போ உள்ள ப்ராசஸர் எதுவும் ஒரே தாவலில் இருபது முப்பது டிகிரி ஏறும், அது இயல்பு. ஆனால் சிறிய லோடுக்கே இரண்டு மூன்று நொடியில் வரம்பைத் தொட்டு, நிறுத்திய மறுநொடியே மடமடவென்று இறங்கினால், சூடு ஹீட்சிங்க்குக்குள் போகவே இல்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலர் சரியாக உட்கார்ந்திருக்காது. பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் மெல்லவே இறங்கினால், சூடு ஹீட்சிங்க்குக்குள் போய்விட்டது, அதைக் காற்று வெளியே கொண்டுபோகவில்லை. தூசி, ஃபேன், கேபினெட் மூன்றில் ஒன்று. சந்தேகம் தீரவில்லையா? ஓடுகிற ஃபேனில் விரல் படாமல் ஹீட்சிங்க்கின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார். ரீடிங் 95, உலோகமோ வெதுவெதுப்பு என்றால் முதல் வகை. தொட முடியாமல் சுட்டால் இரண்டாவது. இதற்குக் காசு கொடுத்து எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

6. இரண்டாவது வகையென்றால் கேபினெட்டின் சைடு பேனலைக் கழற்றிவிட்டு அதே லோடை மறுபடி ஓட்டு. நன்றாக இறங்கினால் கேபினெட் காற்றோட்டம், இறங்காவிட்டால் கூலர்.

7. தூசி ஃபேன் மேலே தெரிவதைவிட ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் அடைந்திருக்கும். ஃபேனைக் கழற்றாமல் பார்த்துவிட்டு “கிளீனாத்தான் சார் இருக்கு” என்று சொல்லாதே. ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள், சுற்றவிட்டால் பேரிங் போகும். கடைக்கு வெளியே வைத்து அடி. பக்கத்துக் கடைக்காரர் திட்டுவார், அது வேறு விஷயம்.

8. இன்டெல் பெட்டியோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் பின்கள். 2004இல் வந்த 775 சாக்கெட் காலத்திலிருந்து இதே ஏற்பாடு, இதே தொல்லை. நான்கில் ஒன்று பிடிக்காமல் நின்றாலே ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலையாக அழுத்து, பிறகு போர்டின் பின்பக்கம் நான்கு நுனியும் சமமாக வெளியே வந்திருக்கிறதா என்று பார். ஏ.எம்.4 போர்டில் ஆபத்து வேறு: காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு, கூலரை இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கரன்ட்டை எடுத்துவிட்டு, கூலரை லேசாக இடமும் வலமும் திருகிய பிறகு தூக்கு.

9. பேஸ்ட் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடை, பட்டாணி அளவு வை, நேராக இறக்கு. புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயா என்று பார்.

10. தண்ணீர்க் கூலரில் ரேடியேட்டர் ஃபேன்கள் சுற்றுவதைப் பார்த்து ஏமாறாதே. ப்ராசஸர் 95இல் நிற்கும்போது ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தால் பம்ப் ஓடாமல் இருக்கலாம். பயாஸில் பம்ப்பின் சுற்று எண்ணிக்கையைப் பார். பூஜ்யம் என்றால் வயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கூலர் மாற்றச் சொல்.

11. வேலை முடிந்ததும் சைடு பேனலை மூடி, அதே லோடை அரை மணி நேரம் ஓட்டு. திறந்து வைத்து எடுத்த ரீடிங்கை வாடிக்கையாளரிடம் காட்டுவது ஏமாற்று வேலை. முன்பு எத்தனை, இப்போது எத்தனை, இரண்டு முறையும் அறை எத்தனை என்று பில்லிலேயே எழுதிக் கொடு. வீட்டில் சிபியுவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் கேள். மேசைக்குள் கதவு போட்ட அறையில் வைத்து, மேலே பூப்போட்ட உறையும் மாட்டியிருந்தால் நீ செய்த வேலை ஒரு மாதம்கூடத் தாங்காது, திரும்ப உன்னிடமே வருவார்கள்.